கொழுப்பில்லாதவள்

அந்த வீட்டில் கொழுப்பு என்ற சொல் பெரியவளுக்கு மட்டுமே சொந்தம். பால் சிந்தினால் கொழுப்பு. எதிர்த்துப் பேசினால் கொழுப்பு. பேசாமல் நின்றால் அது அதைவிடப் பெரிய கொழுப்பு. வேலை முடிந்து மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தால், "உடம்புலயும் கொழுப்பு, வாயிலயும் கொழுப்பு, இது எங்க போய் முடியுமோ" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அடுப்பு வாயைத் திறக்காது. பெரியவள் திறப்பாள், அதற்கும் அதே பெயர்தான் கிடைக்கும்.

அம்மா பஞ்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியில் தலைமைச் சமையல்காரி. அவள் கைப்பக்குவத்துக்கு அங்கே பெரிய பெயர். ஊரிலிருந்து ஒல்லியாக வந்து சேரும் பெண்கள், கொஞ்ச நாளில் கன்னத்தில் சதை வைத்துத் திரும்பிப் போவார்கள். அதைப் பார்ப்பதில் அம்மாவுக்கு ஒரு பூரிப்பு. அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டாவதாகப் பிறந்த பெண் எலும்பில் தோலைச் சுற்றிவைத்த மாதிரி இருந்தாள். கைக்குழந்தைக்குக் கையில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. எவ்வளவு பால் கொடுத்தாலும் குடித்தது, குடித்தும் ஒரு சுற்றுப் பெருக்கவில்லை. அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன், சின்னவள் நடை பழகுமுன்பே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் வருகிறவர்கள் போகிறவர்கள் கேட்ட கேள்வி எல்லாம் அம்மாவின் தலையில்தான் விடிந்தது. "ஊருக்கே ஆக்கிப் போடுற, பெத்த புள்ளைக்குப் போட மாட்டியா?"

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி, கீழே டயர் கடைக்காரன் மனைவி, மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பெரியவளைப் பார்த்துவிட்டு, "ஓ, பங்கை எல்லாம் மூத்தது முழுங்கிடுச்சா" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள், அந்த ஒரு பேச்சில் அவள் மேலிருந்த பழி இறங்கிவிட்டதே. அன்றிலிருந்து வீட்டில் தட்டு இரண்டு வகை ஆனது. சின்னவளுக்குக் குழிவான பெரிய தட்டு, அதில் எதை வைத்தாலும் மேலே ஒரு கரண்டி வெண்ணெய். பெரியவளுக்குப் பாத்திரத்தை மூடுகிற தட்டு. மூடியில் எவ்வளவுதான் நிற்கும்?

மூடித்தட்டில் சாப்பிட்டும் பெரியவள் பெருத்தாள். சிலர் உடம்பு வாகு அப்படி. வீட்டில் கிடைக்காததை வெளியில் தேடினாள் என்பதும் உண்மை. வளர்ந்து பார்சல் கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அட்டைப் பெட்டிகளின் சந்தில் நின்றுகொண்டு பன் தின்பாள். சுமை ஏற்றுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பீரோ. "பீரோ அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லாரி திரும்பணும்" என்பார்கள். அவளும் சிரிப்பாள். வந்த சரக்கை எந்த அடுக்கில் ஏற்றுவது, எதன்மேல் எதை வைப்பது என்று சொல்வது அவள் வேலை. கிடங்கு நிறைந்துவிட்டால் சரக்கு வாசலில் நிற்கும், வாசலும் நிறைந்தால் தெருவில் நிற்கும், தெருவில் நின்றால் லாரிக்காரனிலிருந்து முதலாளி வரை அவளைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்குவதில் அவளுக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி இருந்தது.

சின்னவள் ஒரு கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்கு மூக்குக் கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒட்டிய கன்னம், பெரிய கைகள், ஆம்பிளைப் பிள்ளை மாதிரி முறுக்கேறிய புஜம். அவளுக்கு எந்நேரமும் பசி. சாப்பிட்டு எழுந்த கையோடு பசிக்கும். அவள் யாரையும் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. வாயில் சாப்பாடு இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது கஷ்டம்தானே என்று பெரியவள் மனசுக்குள் கறுவிக்கொள்வாள். ஆனால் தெருவே சொல்லும், "சின்னவ தங்கம். கொழுப்பே இல்லாத பொண்ணு."

தங்கத்தின் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அம்மா அதை அழுக்கு என்று முடிவுகட்டி, நார் போட்டுத் தேய்ப்பாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தோல் உரிந்து ரத்தம் கசியும், கறுப்பு போகாது. மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் மேல்பக்கம் உப்பியிருந்தது. "சாப்பிடுறது எல்லாம் வயித்துலயே நிக்குது, உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று அம்மா ஒரு கரண்டியை இரண்டு கரண்டி ஆக்கினாள்.

ஒருநாள் கடையில் ஒரு கிழவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதே சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வலி முதுகு வரை போனது, வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். குழாயில் எடுத்த ரத்தம் கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளையாக, ஆடை கட்டின பால் மாதிரி தேங்கி நின்றது. ரத்தம் எடுத்த பெண் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி முகத்தைச் சுளித்தாள். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "நான் ஊட்டின பாலும் வெண்ணெயும் வீண் போகல" என்று பெரியவளிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. சத்து ரத்தம் வரைக்கும் போயிருக்கிறது, இனி சதையாக வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தாள் பாவி.

கணையம் வீங்கியிருந்தது. சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. சின்னவள் ஒருவழியாகத் தேறினாள். எங்கோ பெரிய ஊருக்கு அனுப்பிய ரத்தப் பரிசோதனையின் முடிவும் வந்து சேர்ந்தது. டாக்டரம்மா சிறு வயதுக்காரி, வேகமாகப் பேசுகிறவள். அம்மாவையும் பெரியவளையும் உட்காரவைத்து, எடுத்த எடுப்பில் சொன்னாள்.

"அம்மா, உங்க சின்னப் பொண்ணுக்குக் கொழுப்பே இல்ல."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்க இப்பதான் பாக்குறீங்க டாக்டரம்மா. நான் இருபத்திரண்டு வருஷமா பாக்குறேன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது."

டாக்டரம்மா தலையை நிமிர்த்தினாள். அது காதில் சரியாக விழவில்லையோ, விழுந்தும் நேரமில்லையோ. "பிறந்ததிலேருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள்.

"பிறந்ததிலேருந்தே அப்படித்தான். மொத்தக் கொழுப்பும் இதோ இவளுக்குத்தான்."

டாக்டரம்மா பெரியவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது பரவாயில்லம்மா, நல்லதுதான்" என்றாள்.

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மருந்து வாங்கிவருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, ஆஸ்பத்திரியே நற்சான்று கொடுத்துவிட்டது. மீதியைக் கேட்டவள் பெரியவள் மட்டும்தான்.

"எங்க வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். கிடங்கு என்றதும், "அப்ப ஈசியா புரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புதான் உடம்போட கிடங்கு. நாம சாப்பிடுற எண்ணெய், செலவாகாம மிஞ்சுற சர்க்கரை எல்லாம் அங்க போய் அடையணும். சும்மா போய் அடையாது. உள்ள வாங்கிக் கொழுப்பாக் கட்டி அடுக்குறதுக்கு சில என்சைம் இருக்கு, அதுங்கதான் கிடங்கு வேலையாள். உங்க தங்கச்சிக்கு அதுல ஒண்ணு பிறவியிலேயே வேலை செய்யல. அதனால கிடங்கே உருவாகல. சரக்கு மட்டும் வந்துட்டே இருக்கு."

"வாசல்ல நிக்கும்" என்றாள் பெரியவள்.

"வாசல் இல்ல, ஈரல்ல நிக்குது. சதைக்குள்ள நிக்குது. ரத்தத்துலயே மிதக்குது. கொழுப்பு ஏறின ஈரலும் சதையும் இன்சுலின் சொல்றதைக் கேக்காது, அதான் சர்க்கரை இறங்கல. வயிறு உப்பியிருக்கே, அது ஈரல். பசியும் அதனாலதான். கிடங்கு நிறைஞ்சா, போதும்னு மூளைக்குச் சேதி போகும். கிடங்கே இல்லைன்னா சேதி சொல்ல ஆள் ஏது? எவ்வளவு சாப்பிட்டாலும் அவங்களுக்குப் பசிக்கும்." டாக்டரம்மா எழுந்து வந்து, பெரியவளின் கையில் முழங்கைக்கு மேலே ஒரு மடிப்பைப் பிடித்துப் பார்த்தாள். "அன்னைக்கு உங்க ரத்தமும் எடுத்தோம்ல, அதுல சர்க்கரை சரியா இருக்கு. இதுதான் உங்களைக் காப்பாத்திட்டிருக்கு. அளவுக்கு மேல போனா இந்தக் கிடங்கும் தாங்காது, குறைச்சுக்கோங்க. ஆனா இப்போதைக்கு அது அதோட வேலையச் செய்யுது."

பெரியவளின் கொழுப்பைப் பற்றி யாரும் அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "என்னோடதைக் கொஞ்சம் எடுத்து அவளுக்கு வைக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள். தங்கச்சியின் பங்கைத் தின்றவள் என்று காலமெல்லாம் கேட்டவள் அல்லவா, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"எலிங்களுக்கு வச்சுப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு அப்படி ஒரு வைத்தியம் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "ஒரு ஊசி இருக்கு, அது இங்க கிடைக்காது. இப்ப நம்ம கையில இருக்கிறது சாப்பாடுதான். வெண்ணெய், எண்ணெய், இனிப்பு மூணையும் நிறுத்தணும். நிறுத்தலைன்னா கணையம் திரும்ப வீங்கும். அடுத்த தடவை தாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

பக்குவமாக எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் தேடினாலும் இவளைவிடத் தப்பான ஆள் கிடைத்திருக்க மாட்டாள். ஆனாலும் சொன்னாள். வீட்டுக்கு வந்த அன்றே, தனக்குத் தெரிந்த அளவில் கிடங்கு, வேலையாள், ஈரல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"உன் காதுல என்ன விழுந்துச்சோ. டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க, அவளுக்குக் கொழுப்பே இல்லைன்னு. ரத்தம் இல்லைன்னா ரத்தம் ஊறுறதாப் பாத்துக் கொடுக்குறோம். கொழுப்பு இல்லைன்னா வெண்ணெய் கொடுக்க வேணாமா?"

"கொடுத்தா வைக்க இடமில்லைம்மா. அவளைக் கொன்னுடும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ தட்டுல விழுற ஒரு கரண்டி உனக்குச் சின்ன வயசுலேருந்தே உறுத்துது. இப்ப டாக்டர் பேரைச் சொல்லி அதையும் பிடுங்கப் பாக்குற. கொழுப்புடி உனக்கு. உடம்பு பூரா கொழுப்பு."

பெரியவள் டாக்டரம்மாவை அம்மாவிடம் போனில் பேசவைத்தாள். அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க, ஆகட்டுங்க என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். வைத்ததும், "அந்தப் பொண்ணையும் பேசி மடக்கிட்ட" என்றாள். இருந்தாலும் கொஞ்ச நாள் வீட்டில் வேகவைத்ததும் அவித்ததுமாக நடந்தது. சின்னவளின் கண்ணில் தெளிவு வந்தது, சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. பசி மட்டும் இறங்கவில்லை. அவள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, ஏதாவது இருக்கா" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ள எந்தச் சமையல்காரியாலும் முடியாது.

அம்மா கஞ்சிக்குள் வெண்ணெயை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். அடியில் வெண்ணெய், மேலே கஞ்சி. ஒரு விடுமுறை நாளில் பெரியவளின் மூக்குக்கு அது எட்டியது. அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். சின்னவள் குழித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் கரண்டியை விட்டுக் கிளறினாள். மஞ்சளாக உருகி மேலே வந்தது.

"கொடுடி."

"அக்கா, பசிக்குதுக்கா. இன்னைக்கு மட்டும்."

"கொடுன்னு சொல்றேன்ல."

சின்னவள் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கைகள், நல்ல பிடி. பெரியவள் தன் பாரத்தை எல்லாம் போட்டு இழுத்துப் பிடுங்கினாள். எங்கே கொட்டுவது? கீழே கொட்டினால் வழித்துத் தின்பாள், அந்தப் பசி அக்காவுக்குத் தெரியும். படியில் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவள் தட்டை வாயில் வைத்து, நின்றபடியே மடமடவென்று முழுக்கக் குடித்தாள். வெண்ணெய் மோவாயில் வழிந்தது. உள்ளதைச் சொன்னால், குழித்தட்டில் அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ருசியாக இருந்தது. அந்த ருசி அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

அம்மா குடத்தோடு வாசலில் நின்றாள். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். பெரியவளின் கையில் காலித் தட்டு. இதற்குமேல் எந்தப் பஞ்சாயத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? அம்மா கத்தவில்லை. குடத்தை இறக்கிவைத்தாள். "நோயாளி வாயிலேருந்து பிடுங்கித் தின்னுட்ட. நான் இத்தனை வருஷம் சொன்னது பொய்யில்ல" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்தது.

மறுநாளே சின்னவளைக் கண்ணாடிக் கடையிலிருந்து நிறுத்தி, காலையில் தன்னோடு விடுதிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். விடுதியின் சமையற்கட்டு பெரிய மண்டபம் மாதிரி. அண்டாக்கள், ஆவி, பாத்திரம் விளக்கும் பெண்களின் சத்தம். சின்னவளை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சமையற்கட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஊட்டினார்கள். அக்காக்காரி பட்டினி போட்ட பெண் என்று கதை அதற்குள் பரவியிருந்தது. எண்ணெயில் பொரித்தது, பாலில் ஊறியது, அண்டாவின் அடியில் ஒட்டிய இனிப்பு. கேட்டதெல்லாம் கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வயிறு நிறைந்து அறியாத பெண், அங்கே சந்தோஷமாக இருந்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரியவள் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு விடுதி வாசலுக்குப் போனாள். காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"உன்னை விடக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்கம்மா."

"என் தங்கச்சி செத்துடுவா."

"நல்லாத்தான் சாப்பிட்டுட்டிருக்கா, இப்பதான் பாத்துட்டு வரேன்" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில்.

கம்பிக் கதவு வழியாகப் பொரியும் வாசனை வந்தது. சமையற்கட்டு ஜன்னலில் சின்னவளின் முதுகு தெரிந்தது. தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு, தட்டின் மேல் குனிந்திருந்தாள். பெரியவள் கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள், அக்காவைப் பார்த்ததும் தட்டைத் தன் பக்கமாக இழுத்து மறைத்துக்கொண்டாள். பெரியவளுக்குள் ஏதோ அறுந்தது. தின்னு, தின்னு சாவு என்று மனசுக்குள் சொன்னாள். சொன்னது ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அதை மனமாரச் சொன்னாள். பிறகு திரும்பிக் கிடங்குக்குப் போய், வந்திருந்த சரக்கை எல்லாம் ஒழுங்காக ஏற்றிவைத்தாள்.

வலி திரும்ப வந்தபோது சின்னவள் அந்த ஸ்டூலிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை ரத்தம் குழாயில் எடுக்கும்போதே வெளுத்திருந்தது. டாக்டரம்மா பெரியவளிடம், "உங்கம்மா போன்ல சரின்னாங்களே, அப்புறம் நீங்க எடுத்துச் சொல்லலையா?" என்று கேட்டாள். பெரியவள் சொன்னேன் என்றாள். டாக்டரம்மா நம்பிய மாதிரித் தெரியவில்லை. சின்னவளுக்கு நினைவு வந்துவந்து போனது. நினைவு வரும்போதெல்லாம் பசிக்குது என்றாள். கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். விடுதியின் சமையற்கட்டுப் பெண்கள் தரை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடைக்காரன் மனைவி அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா குழித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என் கையால நல்லாச் சாப்பிட்டுத்தான் போனா, பசியோட போகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், "எப்பேர்ப்பட்ட பொண்ணு. கொஞ்சம்கூடக் கொழுப்பே கிடையாது."

"ஆமா, அதுலதான் செத்தா" என்றாள் பெரியவள்.

அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, வந்திருந்தவர்களைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"பாத்தீங்கல்ல. பொணம் போன ஈரம் காயல, அதுக்குள்ள இவ கொழுப்பப் பாருங்க."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். பெரியவள் முழங்கைக்கு மேலே, டாக்டரம்மா பிடித்த இடத்தில், அந்த மடிப்பை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.